இடமிருந்து மூன்றாவது

துரின் நகர். சனிக்கிழமை இரவு, நேரலை.
இரண்டாம் கேமரா என்னுடையது.
நெரீனா இடமிருந்து மூன்றாவது.
பதினோரு வருஷம்
பாடகரின் தோளுக்குப் பின்னால்
அவள் முழங்கையை மட்டும்
நாடு முழுக்கக் காட்டியிருக்கிறேன்.

பாவாடை மிளகாய்ச் சிவப்பு.
வீடுகளில் அது சாம்பல்.

ஒருமுறை பாடகருக்கு வரி மறந்துபோனது.
"எங்கேயாவது திருப்புடா!"
காதுக்குள் இயக்குநர் அலறினார்.
திருப்பினேன்.
நான்கு விநாடி
முகம் முழுசாக, வியர்வையோடு,
உதடசைய எண்ணிக்கொண்டிருந்தாள்:
ஐந்து, ஆறு, ஏழு.

மறுநாள் கூனேயோவிலிருந்து அவள் அம்மா
போன் போட்டுக் கேட்டாளாம்:
ஆடும்போது என்னடி ஜெபம்?

முப்பத்து நான்கில் முட்டி வீங்கியது.
அந்த வசந்தத்தில் ஒப்பந்தம் வரவில்லை.
நாடா விலை அதிகமென்று
அந்தச் சனிக்கிழமையின் மேலேயே
ஏதோ கால்பந்து ஆட்டத்தைப் பதிந்துவிட்டார்கள்.
அந்த நான்கு விநாடியும் போயிற்று.

போன வாரம் சந்தையில் பாலாடைக்கட்டி வாங்கினேன்.
கல்லாவில் நெரீனா.
என்னைத் தெரியவில்லை;
கேமராவுக்குப் பின்னால் இருந்தவனை யாருக்குத் தெரியும்?
மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் எண்ணினாள்:
ஐந்து, ஆறு, ஏழு.
எட்டுக்கு
வாய் திறக்காமல்
இடது காலுக்கு மாறினாள்.

ஒரு நாணயம் குறைந்தது.
நான் கேட்கவில்லை.