மறை

வெள்ளிக்கிழமை ராத்திரி நானே பொருத்தினேன்.
சிவப்பு விளக்கின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை.
எரிந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்,
அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லாது.
எவ்வளவு என்று சொல்கிற முள் வேண்டியிருந்தது எனக்கு.
ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி
அந்த ஓட்டையில் பித்தளை டீ ஒன்றைத் திருகி
ஒரு வாயில் பழைய சுவிட்ச், மறுவாயில் புது சென்சார்.
சாவியைத் திருப்பினேன்.
முள் எழுந்து நின்றது. கைதட்டக்கூட யாருமில்லை.

திங்கள் காலை டைல்ஸில் ஒரு கறுப்புப் பொட்டு.
செவ்வாய், மூன்று.
மகன் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய பணத்தில்
ஞானசிகாமணி சார் வாடகை வீட்டு முற்றத்துக்கும் போட்ட
இன்டர்லாக் டைல்ஸ்.
குனிந்து விரலால் தொட்டு, மோந்து பார்த்துக் கேட்டார்:
"பிள்ளே, ஒனக்கு மறை வல்லதும் கழண்டு போச்சா?"

அன்றிலிருந்து வண்டிக்கடியில் சிரட்டை.
நான் கணக்கெழுதும் டிப்போவுக்கு ஷீட் கொண்டுவரும்
கிறிஸ்துராஜன் தந்தது.
ரப்பர் மரத்தில் இரண்டு வருஷம் பால் பிடித்தது,
அடியில் இன்னும் ஒட்டுப்பால் காய்ந்து கிடந்தது.
ஒரு ராத்திரிக்குப் பதினோரு சொட்டு.
மரமானால் வெட்டு போதாது என்பான்.

அழகியமண்டபத்தில் வின்சிலால் மல்லாந்து படுத்து
எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தில் விரலை வைத்தான்.
"கிராங்க் சீல் போச்சு. கியர்பாக்ஸ எறக்கணும்.
எட்டாயிரம் வரும், கேட்டியளா."
எழுந்து டேஷ்போர்டில் முள்ளைப் பார்த்தான்.
"நல்லா கெடந்த வண்டிய நோண்டுனது ஆரு?"

எட்டாயிரம் என்னிடம் இல்லை.
கோபம் இருந்தது.

சனிக்கிழமை
மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷும் எடுத்துக்கொண்டு
எஞ்சினைக் குளிப்பாட்டினேன்.
காயவிட்டு, பவுடர்.
வால்வு கவர் விளிம்பில், ஃபில்டர் வாயில்,
டிஸ்ட்ரிபியூட்டர் அடியில், சம்ப்பின் ஓரம் முழுக்க.
முகத்துக்குப் போடுவதைவிட நிதானமாகப் போட்டேன்.
வேர்க்கிளம்பியிலிருந்து பேச்சிப்பாறை வரை,
குலசேகரம் தாண்டி ஏற்றத்தில்
செகண்ட் கியரில் அலறவிட்டேன்.

அணைக்குப் பக்கத்தில் நிறுத்தி பானட்டைத் தூக்கினால்
எங்கும் வெள்ளை. காய்ந்த வெள்ளை.
ஆனாலும் சைலன்சர் குழாயில் ஒரு சொட்டு விழுந்து
புகைந்து, நாறியது.

எண்ணெய் விழுகிற இடத்தில் பிறப்பதில்லை.
ஃபேன் காற்று தள்ளினால் தள்ளின பக்கம் போகும்.
ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும்,
ஒரு போல்ட் தலையில் கொஞ்சம் உட்காரும்,
வேறொருத்தன் வீட்டு வாசலில் போய் நின்று
அவனைக் காட்டிக்கொடுக்கும்.

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன்,
பவுடர் போடாத இடம் எது?

கைப்பையிலிருந்த முகக்கண்ணாடியைக்
கை சுடச்சுட எஞ்சினுக்குப் பின்னால் நீட்டினேன்.
பித்தளைக் கழுத்தில் தேன் நிறத்தில் ஒரு வளையம்.
அது திரண்டு, தொங்கி, வார்ப்பின் வரம்பில் இறங்கி
கியர்பாக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது.
அங்கே பவுடர் போட நான் மறக்கவில்லை.
அது நான் பொருத்தியது. அதனால் போடவில்லை.

எஞ்சினின் மறை அங்குலத்துக்கு இருபத்தெட்டு.
கடைக்காரன் எடுத்துத் தந்த டீயில் இருபத்தேழு.
வெள்ளிக்கிழமையே இரண்டரைச் சுற்றில் இறுகிவிட்டது.
இன்னும் போயிருக்க வேண்டும்.
கைக்குத் தெரிந்தது.
டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றி
போதும் என்று நான்தான் கையைத் துடைத்தேன்.

வடசேரியில் நூற்று நாற்பது ரூபாய்க்குச் சரியானது கிடைத்தது.
இன்று காலை சிரட்டையில் ஒரு கட்டெறும்பு மட்டும்,
ஒட்டுப்பாலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.
டைல்ஸ் கறை போகவில்லை.
சோப்புத்தூள், சுண்ணாம்பு, பெட்ரோல், எதற்கும்.
சார் அட்வான்சில் பிடிப்பாராம். பிடிக்கட்டும்.

போகிற வழியில் அழகியமண்டபத்தில் நிறுத்தி
கிராங்க் சீலுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
வின்சிலால் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
"அப்பம் எங்கேருந்து?"

முள் நேராக நின்றது.
"ஃபில்டர் வாஷர்" என்றேன்.