பதினோரு நொடி

அப்போது இந்தக் கரையில் தியேட்டர் கிடையாது.
ஒரு உளவாளியைப் பார்க்கக்
கடல் தாண்டித்தான் போகவேண்டும்.
ஜுபைலிலிருந்து என் பழைய காம்ரி,
பாலத்துக்கு இருபது ரியால்,
உள்ளே நாலு பேர்.

ஐந்தாம் பாகம்.
முதல் நாலுக்கும் இசை போட்டவரை மாற்றிவிட்டார்கள்.
அந்த ட்ரம்பெட் இல்லை.
செய்யது இபுறாகீமின் போனில் ஒன்பது வருடமாக
அடித்துக்கொண்டிருக்கும் ட்ரம்பெட்,
ஃபோர்மேன் கூப்பிட்டால்கூடச்
சுவரேறிக் குதிக்கலாமா என்று தோன்றவைப்பது.
புது ஆள் அதைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு
ரெண்டரை மணி நேரம்
ம்ம்ம் என்று ஒரே ஓசையை ஓடவிட்டிருந்தான்.

மனாமா விளக்குகள் முடியுமுன்பே சண்டை.

"கம்ப்ரசர் சத்தம்லா அது" என்றான் பாக்கியநாதன்.
"மூணாம் நம்பர் யூனிட்டு.
பேரிங் போகப்போவுதுன்னா இப்படித்தான் முனங்கும்.
பன்னெண்டு மணி நேரம் அதக் கேக்கதுக்கு
எனக்குச் சம்பளம் தாரான்.
இவன் எங்கிட்ட மூணு தினாரு வாங்கிட்டானே."

தவேந்திரன் மட்டக்களப்பு.
மெல்லத்தான் பேசுவான், விடமாட்டான்.
"ட்ரம்பெட் அடிச்சுக்கொண்டு எந்த உளவாளி வருவான்?
பயம் எண்டா இப்பிடித்தான் கேக்கும்.
எனக்குத் தெரியும்."
எப்படி என்று யாரும் கேட்கவில்லை.
கொஞ்ச தூரம் போனபின் இபுறாகீம் மட்டும்,
"பயத்தக் கேக்கவா பாலந்தாண்டி வந்தோம்" என்றான்,
ஜன்னலைப் பார்த்து.

பிறகு அந்த இடம்.
நாயகன் எல்லைச் சாவடியில்
கள்ளப் பாஸ்போர்ட்டை நீட்டுகிறான்.
அதிகாரி புரட்டுகிறான்.
ம்ம்ம் சட்டென்று நிற்கிறது.
பதினோரு நொடி எதுவுமே இல்லை
(தவேந்திரன் எண்ணியிருக்கிறான்).

"படத்திலயே திறம் அந்த இடந்தான்."
"மண்ணாங்கட்டி. ஸ்பீக்கர் புடுங்கிட்டு.
எடது பக்கம் மொதல்லயே கரகரன்னுச்சு."
"அப்ப முத்திரை குத்தின சத்தம் கேட்டதே?"
"அது வலது பக்கம்."

என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.
நான் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன்.
அதற்கு அரை மணி நேரம் முன்பே தூங்கியாயிற்று.
அந்த இடத்தில்தான் விழித்தேன்,
சத்தம் கேட்டு அல்ல, நின்று.
இரண்டு கட்சியும் அதைத்
தங்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டன.

பாலத்தின் நடுவில் தீவு. வரிசை.
எங்களுக்கு முன்னால் நாற்பது வண்டி.
உளவாளிக்கு ஒன்றரை நிமிடத்தில் முடிந்த வேலை
எங்களுக்கு ரெண்டு மணி நேரம்.
கூண்டுக்குள் இருந்த பையன்
தவேந்திரனின் இக்காமாவைப் பார்த்தான்,
முகத்தைப் பார்த்தான்,
திரும்ப இக்காமாவை.
வண்டிக்குள் ஏசி ம்ம்ம் என்றது.
எதற்கு அதை அணைத்தேன் என்று
இன்றுவரை தெரியவில்லை.

யாரும் எண்ணவில்லை.

முத்திரை விழுந்ததும்
இபுறாகீம் வாயாலேயே ட்ரம்பெட் வாசித்தான்.
கோபார் தாண்டும்வரை நிறுத்தவில்லை.
தவேந்திரன் தடுக்கவுமில்லை.

அடுத்த வாரம் இன்னொரு தடவை போய்ப் பார்த்து
ஸ்பீக்கரா இல்லையா என்று
முடித்துவிடுவதாகப் பேச்சு.
அடுத்த வாரம் லீவு ரத்து.
மூணாம் நம்பர் யூனிட்டை நிறுத்திவிட்டார்கள்,
அதோடு பாக்கியநாதனையும்.
எக்ஸிட் அடித்த பாஸ்போர்ட்டோடு
தமாம் விமான நிலையத்தில் நின்று சொன்னான்:
"தூத்துக்குடியில ஓடுது.
ஸ்பீக்கரெல்லாம் புதுசு. பாத்துச் சொல்லுதேன்."

இறங்கிய மறுநாளே போன் வந்தது,
எனக்கு இல்லை, தவேந்திரனுக்கு.
மூன்று பேரும் குனிந்து கேட்டோம்.

"எலே, அந்த எடம் வந்துச்சு.
பாஸ்போர்ட்ட நீட்டுனான் பாரு,
ஒரே விசிலு.
பேப்பரக் கிழிச்சுக் கிழிச்சு எறியுதானுவ.
பக்கத்துல உள்ளவன் என் தோள்ல ஏறி நிக்கான்.

ஒண்ணும் கேக்கலடே."