நீலப் பேனா

நகராட்சி இலவசமாகத் தரும் வரைபடக் கட்டு,
நூறு தாள்.
கிழிக்கும்போதெல்லாம் கடற்கரையில் கொஞ்சம்
கட்டோடு தங்கிவிடுகிறது.

நீங்கள் இருப்பது இங்கே:
கால்வாய்க்குப் பின்புறம், பதினோரு அறைகள்.
லிஃப்டில் ஒருவர் ஏறலாம்,
அல்லது ஒரு பெட்டி.

காபிக்கு இங்கே, ஆனால் கவனம்,
ட்ரியெஸ்தேயில் காபி கேட்கத் தனி இலக்கணம் உண்டு.
நேரோ என்றால் வெறும் காபி.
காப்போ என்றால் மேலே ஒரு விரல் பால்நுரை.
கண்ணாடிக் குவளையில் வேண்டுமானால்
பின்னால் ஒரு 'பி' சேர்க்க வேண்டும்.
எதிர்பார்த்ததைவிடச் சின்னக் கோப்பை வந்தால்
குறை சொல்லாமல் குடித்துவிடுங்கள்.

பசித்தால் இங்கே.
கொதிக்கும் அண்டாவிலிருந்து பன்றித் துண்டம்,
மேலே மூக்கில் ஏறும் கிழங்குத் துருவல்.
நின்றபடி சாப்பிட வேண்டும்.

பார்க்க: சதுக்கம்,
மூன்று பக்கம் மாளிகை, நான்காவது பக்கம் கடல்.
அந்தியில் கல்துறையின் நுனிவரை நடந்து திரும்புங்கள்.
நுனியில் ஒன்றுமில்லை,
அதற்காகத்தான் எல்லோரும் போகிறார்கள்.
போரா வீசும் நாளில் வேண்டாம்.
காற்றுதானே என்று போன
நான்காம் அறைக்காரருக்கு
தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று.

பதினாறு வருடமாய் இதையே ஒப்பிக்கிறேன்.
சட்டையில் குத்திய அட்டையில் என் பெயர் நீவெஸ்.
வட்டமிட்ட எந்தக் கடையிலும் நான் குடிப்பதில்லை.
சமையலறையில் இயந்திரம் இருக்கிறது,
உதைத்தால் வரும்.

கார்லோவாட்ஸிலிருந்து வந்த ஸ்லாவ்கா
எதையும் கேட்கவில்லை.
"ஜீன்ஸ் எங்கே?"

கடைத்தெருவுக்கு வட்டம் போட்டேன்.
"அது இல்லை. ஜீன்ஸ்."
கட்டோடு இழுத்துக்கொண்டாள், பேனாவையும்.
கால்வாயோரச் சின்னச் சதுக்கத்தில்
வட்டம் அல்ல, ஒரு பெருக்கல் குறி.
அழுத்தி. இரண்டு முறை.

எழுபத்துமூன்று, அக்டோபர்.
இந்த இடம் முழுக்கத் துணிக்கூடாரம்.
போட்டுப் பார்க்க அறை கிடையாது,
வேனுக்குப் பின்னால் தோழி கோட்டை விரித்துப் பிடித்தாள்.
மூன்று வாங்கினாளாம்,
ஒன்றின்மேல் ஒன்றாய் மூன்றையும் போட்டுக்கொண்டு
பேருந்தில் ஏறினாளாம்.
எல்லையில் அதிகாரி உட்காரச் சொன்னார்.
"முட்டி மடங்காது ஐயா, வாதம்."
வயது அப்போது இருபது.

எங்கே தங்கினீர்கள் என்றேன், பழக்கதோஷம்.
"பேருந்தில். ஒருத்தன் தோளில்.
யாரென்று இன்றுவரை தெரியாது."
குடித்தது?
"நீரூற்றில். காசு மூன்று ஜீன்ஸுக்குத்தான் கணக்கு."
கடலாவது பார்த்தீர்களா?
"எங்கள் நாட்டிலும் கடல் இருந்ததம்மா,
ஜீன்ஸ்தான் இல்லை."

சாயங்காலம் திரும்பினாள்,
கையில் ஒரு ஜோடி சாம்பல்நிறக் காலுறை.
நீரூற்று இருக்கிறது, ஒரு பூக்கடை இருக்கிறது என்றாள்.
"காலுறைக்குப் பாதி விலை கேட்டேன்.
அந்தப் பெண்ணுக்குப் பேரம் என்றாலே தெரியவில்லை.
முழு விலை கொடுக்க வெட்கமாக இருந்தது."
காலையில் போய்விட்டாள்.
எட்டாம் அறைக் குளியல் தொட்டியோரம்
காலுறையின் விலைச்சீட்டு மட்டும்.

அவள் அழுத்திய அழுத்தத்தில்
அடுத்த நான்கு தாள்களிலும் மை இல்லாத பெருக்கல் குறி.
லியோன் நகரத்து இளஞ்சோடி
விரலால் தடவிப் பார்த்தார்கள். இது என்ன?
கடை, என்றேன்.
எதற்கு அப்படிச் சொன்னேனோ.
வரிசையில் ஆள் நின்றது,
தொலைபேசி வேறு அடித்தது.

இரவு ஒன்பதுக்கு நனைந்து வந்தார்கள்.
"தேடினோம். மூடியிருந்தது."

நாளை திறந்திருக்கும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
சாவியை எடுத்துக் கொடுத்து,
கல்துறைக்குப் போனீர்களா
என்று கேட்டேன்.