இருப்புச் சரிபார்ப்பு

புரட்டாசி பதினெட்டு.
பாளையங்கோட்டையிலிருந்து தணிக்கைக்கு வந்த ஜெபசிங் சார்
ஷூவைக் கழற்றாமல் வரப்பில் நிற்கிறார்.
எல்லா அருங்காட்சியகத்துக்கும் அச்சடித்த
அதே பதிவேடுதான் எங்களுக்கும்:
பொருள், காலம், நிலை, இருக்கும் இடம்.

சேரன்மகாதேவியைத் தாண்டி
கன்னடியன் கால் வளைகிற இடத்தில்
நாற்பத்தோரு பாத்தி. கூரை கிடையாது.
பூட்டு, மோட்டார் அறைக்கு மட்டும்.

ஆனைக்கொம்பனுக்கு நேரே
காலம் என்ற கட்டத்தில்
நூற்று முப்பத்தைந்து என்று எழுதியிருந்தேன்.
சிவப்பு மையால் சுழித்தார்.
"வருசமா?"
நாள் சார்.

"போன தடவை பொருள் எண் பதினேழு,
வீதிவிடங்கன், நாலு கிலோ முந்நூறு கிராம்.
கையிருப்பு எங்கே?"
மண்ணுல போட்டாச்சு சார்.
"யார் அனுமதியில்?"
பாபநாசத்தில் தண்ணீர் திறந்ததைச் சொல்லலாமா
என்று யோசித்தேன்.

எலி தின்றது அறுநூறு கிராம், சேதம் என்று எழுதலாம்.
தூற்றியதில் பறந்த கருக்காயும் சேதம்தான்.
உப்புத் தண்ணீரில் மிதந்ததை அள்ளி
முப்பிடாதி தன் கோழிகளுக்குக் கொண்டுபோனாள்,
அதற்குக் கட்டமே இல்லை.
மிச்சத்தைச் சாக்கில் முளைகட்டி
நேற்று சாயங்காலம் நாற்றங்காலில் விதைத்தோம்.

"அப்போ பொருளைக் காட்டுங்க."

காட்டினேன்.
மட்டம் தட்டிய சேறு. மேலே விரற்கடைத் தண்ணீர்.
அதில் தலைகீழாக ஒரு தென்னை,
தலைகீழாக ஜெபசிங் சார், அவர் பேனா.

அடுத்த மேடையில் குனிந்திருந்த முப்பிடாதி நிமிர்ந்தாள்.
பதிவேட்டில் அவள் பெயர் இல்லை,
கூலி ரசீதில் இருக்கிறது.
"என்ன சார் தேடுதிய?"
பதிலுக்குக் காத்திராமல்
விரல் நுனியால் ஒன்றை ஒற்றி எடுத்து
அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
உமி பிளந்து, ஊசிமுனை அளவு வெள்ளை.
"இந்தா கெடக்கு. பாத்துட்டுத் தாங்க, திரும்பப் போடணும்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
வெகுநேரம்.
பிறகு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மறந்துவிட்டார்.
வரப்புக்கு இந்தாண்டை வீதிவிடங்கன்,
அந்தாண்டை குருவிக்களையான்.
முளையில் இரண்டுக்கும் ஒரே முகம்.
கதிர் வந்தால்தான் யார் என்று தெரியும்.

"அங்கன போட்டுராதிய சார், கலவனாயிரும்.
தையில நான்லா நின்னு பிடுங்கணும்."

அரசாங்கச் சொத்தைக் கையில் வைத்துக்கொண்டு
ஜெபசிங் சார் நின்ற நிற்பு
எனக்கு இன்னும் மறக்கவில்லை.
கடைசியில் குந்தினார்.
பேண்ட் முட்டியில் சேறு.
ஒரு ஜாண் தள்ளி, மெதுவாக,
தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல விட்டார்.

பதினேழாம் எண்ணுக்கு நேரே
கையெழுத்துப் போட மறந்திருந்தார்.
பெருவிரல் சேறு மட்டும் பதிந்திருந்தது.

தணிக்கைக் குறிப்பு மறுவாரம் தபாலில் வந்தது:
பாதுகாப்பு போதவில்லை.
மோட்டார் அறைக் கூரையில் புறாக்கள் உள்ளன.