ஓரத்தில் பச்சை

ஆக்லாந்து அஞ்சல் கிடங்கிலிருந்து வந்த தாளில்
மோரக் டல்லக் என்று
என் பெயரைச் சரியாகத்தான் அச்சிட்டிருந்தார்கள்.
கீழே கட்டம் போட்டு:
பொருள், தேன். எடை, தொள்ளாயிரம் கிராம்.
அனுப்பியவர் அறிவித்தது, தலைமுடிக்கான ஷாம்பு.
நிலை, பறிமுதல்.

ஷாம்பு!
எழுபத்தொரு வயதாகியும் போகோமீருக்கு
ஒழுங்காகப் பொய் சொல்ல வரவில்லை.
அவர் தலையில் ஒரு முடி கிடையாது,
புகைப்படம் அனுப்பியிருக்கிறார்.

ஆறு வருடமாகக் கடிதப் பழக்கம்.
ஸ்லோவேனியாவில், மலைச் சரிவில், அவருக்கு நாற்பது பெட்டிகள்.
ஓமருவில், வேலியோரம், எனக்கு இருபத்திரண்டு.
அங்கே பனி மூடும்போது இங்கே குளோவர் பூக்கும்.
ஒருவர் கூடுகளை இழுத்து மூடும் வாரத்தில்
மற்றவர் திறந்துகொண்டிருப்போம்.
அனுப்பாதீர்கள் என்று எழுதினேன்.
இரண்டு முறை.
இரண்டாம் முறை அடிக்கோடும் போட்டேன்.

எனக்குத் தெரியாதா என்ன?
ஒரு கரண்டி போதும், நோய் கடல் தாண்ட.
அந்த மார்ச் மாதம்
என் பதினோரு பெட்டிகளை நானேதான் எரித்தேன்.
அறைக்குள் தீக்குச்சியை விட்டு எடுத்தால்
புழு நூலாக இழுபட்டு வரும், பழுப்பாக.
அதுதான் சோதனை. அதற்குமேல் பேச்சில்லை.
இருட்டும்வரை காத்திருந்தேன்,
வெளியே போனவையெல்லாம் வீடு திரும்பட்டும் என்று.
பிறகு வாசலை அடைத்து, பெட்ரோல் ஊற்றி, குழியில் இறக்கி.
மெழுகு எரியும் வாசனை நல்ல வாசனை.
அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.
வேலிக்கு அப்பாலிருந்து ஃபெர்கஸ் கேட்டார்,
இந்நேரத்தில் கேக்கா சுடுகிறாய் என்று.

ஆகவே கை நடுங்கவில்லை.
திருப்பி அனுப்புக, நாற்பத்தாறு டாலர்
என்ற கட்டத்தின் மேல்
பேனா கொஞ்சம் நின்றது, பொய் சொல்வானேன்.
தான் கட்டிய பொட்டலத்தைத்
தானே பிரிக்கும் அந்த வழுக்கைத் தலையை நினைத்தேன்.
அழித்துவிடுக என்பதில் டிக் அடித்தேன்.

தாளின் அடியில் ஒரு தொலைபேசி எண்.
எடுத்தவர் பெயர் டவிட்டா, சின்ன வயசுக் குரல்,
பின்னால் வானொலியில் ரக்பி.
அழிக்கத்தானே சொல்லியிருக்கிறீர்கள், மேடம்?
ஆமாம்.
அப்புறம்?
நிறம் என்ன?

ரக்பி நின்றது.
பூட்ஸ் சத்தம் போனது, ஏதோ பூட்டு, பூட்ஸ் சத்தம் வந்தது.
கறுப்பு, என்றார்.
இல்லை, இருங்கள். ஜன்னலுக்கு நேரே பிடித்தால் கறுப்பில்லை.
போட்டு மறந்துபோன டீ.
ஓரத்தில் மட்டும் பச்சையாக என்னவோ.

பச்சையேதான்.
பூ கொடுத்த தேனில்லை அது.
ஊசியிலை மரத்தை உறிஞ்சும் பூச்சி
சிந்தியதைத் தேனீ பொறுக்கிய தேன்.
பத்து வருடத்தில் மூன்று வருடம் கிடைத்தால் அதிகம்
என்று ஒரு கடிதத்தில் இருந்தது.

சாய்த்துப் பாருங்கள், என்றேன்.
மெதுவாக வருகிறது. சரியான சோம்பேறி.
அப்புறம், மேடம், மூடியில் ஒரு தேனீ வரைந்திருக்கிறார்.
ஐந்து கால்தான் இருக்கிறது.
எண்ணினீர்களா?
இரண்டு முறை.
பிறகு குரலைத் தாழ்த்தி,
லேசாகத் திறந்து மோந்து பார்த்துச் சொல்லட்டுமா என்றார்.

திறக்கக் கூடாது.
சொன்னது நான்தான்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை முடித்துவிட்டார்கள்.
எரித்தார்களா புதைத்தார்களா, கேட்கவில்லை.

போகோமீருக்கு மூன்று பக்கம் எழுதினேன், முழுக்கத் திட்டு.
அபராதம், சட்டம், என் பதினோரு பெட்டிகள்.
நாற்பது கூடு வைத்திருக்கும் மனிதருக்கு
தேனீக்கு எத்தனை கால் என்று தெரியாதா
என்பதற்கே ஒரு பக்கம் போயிற்று.

உறையை நாக்கால் ஈரப்படுத்தியவள்
மறுபடி தாளை உருவி,
கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் எழுதினேன்:

ஓரத்தில் பச்சை இருந்ததாமே.