நிற்பதற்கான செலவு

ஃபியோர்டின் கரையில் மைனஸ் ஒன்பது.
மின்கலத்துக்குப் போர்வை போர்த்திவிட்டோம்.
என் கையுறை காரிலேயே கிடக்கிறது.

எட்டுச் சுழலிகள், எட்டு மோட்டார்கள்.
ஒன்று செத்தாலும் ஏழு சுமக்கும் என்று
காகிதத்தில் கையெழுத்திட்டவன் நான்.
சுன்னிவா அதை வாசித்துவிட்டு
"எந்த ஒன்று?" என்று மட்டும் கேட்டாள்.
இன்று ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

நேராக எழுகிறது.
பனித்தூள் கிளம்பி என் கண்ணாடியை மூடுகிறது.
துடைத்துப் பார்த்தால்
கொட்டகைக் கூரைக்கு மேல், அசையாமல்.

நிற்பதுதான் செலவு இங்கே.
போவது மலிவு, இறக்கை தாங்கிக்கொள்ளும்.
அந்தரத்தில் சும்மா நிற்கும் ஒவ்வொரு நொடியும்
மின்சாரம் தண்ணீராய்ச் செலவாகிறது.

எண்ணெய் என்றால் எரிந்து எடை குறையும்.
இதுவோ தீர்ந்த பின்னும் அதே கனம்;
செலவழித்ததையும் சுமந்துகொண்டே
இறங்க வேண்டும்.

ஒரு மோட்டாரை அணைக்கிறேன்.
தோள் ஒன்று சரிகிறது.
பிறகு, ஏழும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டதுபோல்
நிமிர்கிறது.

வேலிக்கு அப்பால் எய்லிவின் ஆடுகள்.
போன வருஷத்து மாதிரி எழுந்தபோது சிதறி ஓடி
ஒன்று காலை ஒடித்துக்கொண்டது.
நஷ்டஈட்டுக் கடிதம் இன்னும் என் மேசையில்.
இன்று ஒரே ஓர் ஆடு தலை தூக்கியது,
மறுபடி வைக்கோலுக்குக் குனிந்தது.

சுன்னிவா தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டாள்:
"எதை அணைத்தாய்?"
"மூன்று."
"நான் ஐந்து என்று நினைத்தேன்."

மீதி முப்பத்தொரு சதவீதம்.
எதிர்த்தீவின் மருத்துவமனைக்கு
நாற்பதாவது மிஞ்ச வேண்டும்.
குளிரும் ஒன்பது, குறையும் ஒன்பது.

போர்வையை எடுத்துவரப் போனேன்.