முக்காலும் அரையும்

மாயாபுரியில் எடைக்கு வாங்கிய
இசுசு இன்ஜின்
அம்பாசடருக்குள் உட்கார்ந்துவிட்டது.
ஹீட்டர்தான் சேர மறுத்தது:
இதன் வாய் முக்கால் அங்குலம், அதன் வாய் அரை.

பித்தளை ரெட்யூசர், நான்கு கிளாம்ப்,
வெந்நீரில் ஊறவைத்த ஹோஸ்.
போவது எது, வருவது எது என்று
சத்விந்தருக்கும் எனக்கும் ஒரு மணி நேரச் சண்டை.
மாட்டினோம்.
குளிர்காற்றுதான் வந்தது.

மூக்கைச் செங்கல் மேல் ஏற்றி
மூடி திறந்து ஓடவிட்டதில்
ரேடியேட்டர் ஏப்பம் விட்டது,
பந்தியிலிருந்து எழுந்தவன் போல.

ஜனவரி. ரிங் ரோடு. மூடுபனி.
கண்ணாடியில் கையகலம் தெளிந்தது.
அதற்குள் ஒரு நாய், ஒரு டீக்கடை,
பிறகு மெல்ல
தில்லி.

பின்சீட்டில்
மூன்று சால்வைக்குள்ளிருந்து அலர்மேலு:
"புழுங்குது.
ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு."